அவனோடு காசிக்கு

6 ஜனவரி 2026, செவ்வாய். வேலணை.

மீன் குழம்புக்குத் தேசிக்காய் வேண்டியிருந்தது. மரம் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. நான் நட்ட மரம். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கம் நிற்கிறது. புளி கரைத்து விட்டேன்.

அந்த வருடம் மகன் நிரோஜனின் கண்ணைக் காட்டக் கொழும்புக்குப் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தால், சுபாஸ்கரன் வேலியைப் பிடுங்கி இரண்டரை அடி இந்தப் பக்கம் தள்ளிப் போட்டிருந்தான். என் வீட்டுக்காரருடைய சொந்தத் தம்பி! அன்றோடு கதை பேச்சு முடிந்தது. ஆள் நுழைந்து போக வேலியில் விட்டிருந்த பொட்டு மட்டும் மிச்சம். நிரோஜன் அதால்தான் சித்தப்பா வீட்டுக்கு ஓடுவான். பிள்ளைதானே என்று விட்டேன். சுபாஸ்கரனும் அடைக்கவில்லை.

பின்னேரம் சூரிச்சில் இருந்து நிரோஜன் அழைத்தான். தகப்பன் செத்த முதல் வருட ஆட்டத்திவசம் அடுத்த கிழமை. அதோடு அஸ்தியைக் காசிக்குக் கொண்டுபோக வேண்டும். “எனக்கு அகதிக் கேஸ் முடியாமல் நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாதம்மா. சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அப்பாவின்ரை வழியிலை ஆம்பிளை வேறை ஆர் இருக்கினம்?”

போனை வைத்துவிட்டேன்.

9 ஜனவரி

சுபாஸ்கரனிடம் பாஸ்போட் இருக்கிறதாம். இவர் செத்த அடுத்த மாதமே எடுத்து வைத்தானாம். ஆர் கேட்டது?

17 ஜனவரி

திவசம் நல்லபடி முடிந்தது. அவனுக்குச் சொல்லவில்லை. போன வருடம் செத்தவீட்டன்று பொட்டால் வந்தவனை அந்த இடத்திலேயே மறித்தேன். “உம்மடை கை தன்னிலை படக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுத்தான் அவர் கண்ணை மூடினவர்” என்றேன். ஊரே கேட்டுக்கொண்டு நின்றது. வாய்க்கரிசி போடாமல் திரும்பிப் போனான்.

இப்போது அந்தக் கையில் அஸ்தி வைத்த மண்முட்டியைக் கொடுக்க வேண்டுமாம். முட்டி பின்வளவு வேம்பில் கட்டியபடி கிடக்கிறது. வீட்டுக்குள் வைக்கக்கூடாது. போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். எவ்வளவு காலத்துக்கு இப்படித் தொங்கவிடுவது? காசிக்கு ஆள் கூட்டிப்போகிற பயணக்காரரிடம் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

27 ஜனவரி, சென்னை

பலாலியில் இருந்து விமானம். பக்கத்துப் பக்கத்து இருக்கை. கிளம்ப முதல் என் போனில் நிரோஜனின் செய்தி: “அம்மா, சித்தப்பாவுக்குப் பெல்ட் பூட்டத் தெரியேல்லையாம்.” ஒரு சாண் தள்ளி இருக்கிறவன் சூரிச்சுக்குச் சொல்லி, சூரிச்சில் இருந்து எனக்கு வருகிறது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பணிப்பெண் வந்து பூட்டிவிட்டாள். குறிகட்டுவான் பஸ்ஸில் முப்பது வருடம் கொண்டக்டராக நின்று “பின்னாலை போங்கோ, பின்னாலை போங்கோ” என்று எல்லாரையும் விரட்டியவன்! எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் எழுத மாட்டேன்.

28 ஜனவரி, காசி

பழைய நகரம், பழைய நகரம் என்று எங்களோடு வந்தவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். பழையது என்றால் கழுவக்கூடாதா? ஒரு ஆள் போகிற சந்தில் மாடும் மோட்டார் சைக்கிளும் பிரேதமும் சேர்ந்து வருகின்றன. புகையும் ஹோர்ன் சத்தமும். குளிர் எலும்புக்குள் போகிறது.

2014இல் இவரோடு வந்தபோது அவருடைய சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். கோயில் வாசலில் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு, சாணிக்குள் வெறுங்காலோடு நடந்து அழுதவள் நான். இப்போது செருப்பு என் பைக்குள். வழியை மறிக்கிறவனுக்கு “நஹி” என்று ஒரு சொல், நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. பால்கடையில் இடக்கைப் பக்கம், தமிழ் எழுத்துப் பலகையில் வலக்கைப் பக்கம், இறங்கினால் கங்கைக் கரையில் அனுமன் கட்டம். பின்னால் பத்தடி தள்ளி அவன், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி. வேண்டுமென்றே கெதியாக நடந்தேன்.

29 ஜனவரி

நிரோஜன்: “அம்மா, முட்டியை ஒருக்கால் தான் வைச்சிருக்கட்டோ எண்டு சித்தப்பா கேக்கிறார்.”

“ஏலாது எண்டு சொல்லு.”

நாளைக்கு எட்டு மணிக்கு எங்கள் ஆட்களுக்குக் கிரியை. அவன் எட்டு மணிக்கே வரட்டும். நான் விடியவே போய் முடித்துவிடுவேன். வழி எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

30 ஜனவரி, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு முட்டியோடு இறங்கினேன். மூடுபனி. கட்டத்தில் தமிழ் பேசுகிற குருக்கள் ஒருவர் இருந்தார். பிள்ளை வெளிநாட்டில், நானே செய்யப் போகிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. இந்தக் காலத்தில் பெண்களும் செய்கிறார்கள் என்றார். பார்த்தாயா, அவன் தேவையே இல்லை என்று மனம் துள்ளியது. வள்ளத்தில் ஏறினோம். தர்ப்பையைக் கையில் கட்டினார்.

“உங்க ஆத்துக்காரரோட தகப்பனார், பாட்டனார், பூட்டனார், மூணு பேர் பெயரும் சொல்லுங்கோம்மா.”

மாமா ஆழ்வாப்பிள்ளை. அவருடைய தகப்பன் வினாசித்தம்பி. அது காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது, வேலிச் சண்டைக்கு உறுதியைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். அதற்கு மேலே? 2014இல் மாமாவுக்குச் செய்தபோது இவர் மூன்று பெயரையும் சொன்னார். நான் என் செருப்பு எங்கே போயிருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிரோஜனுக்கு எடுத்தேன். அங்கே நடுச்சாமம், எடுக்கவில்லை. வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். கந்தையா என்றால் குருக்களுக்குத் தெரியவா போகிறது? மடியில் முட்டி இருந்தது. வாய் வரவில்லை.

சுபாஸ்கரனுக்கு எடுத்தேன். செத்தவீட்டில் மறித்ததைத் தவிர, இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அவனோடு முதல் பேச்சு.

“தம்பி, உங்கடை பூட்டன்ரை பேர் என்ன?”

“எங்கை நிக்கிறியள் மச்சாள்?”

“கட்டத்திலை. பேரைச் சொல்லும்.”

“நில்லுங்கோ. நான் வந்து சொல்லுறன்.” வைத்துவிட்டான்.

அரை மணித்தியாலம். பிணம் எரிக்கிற கட்டம்வரை வழி மாறிப் போய்த் திரும்பி வந்தான். காலில் செருப்பில்லை, முழங்கால்வரை சேறு. ஒன்றும் கேட்காமல் வள்ளத்தில் ஏறி இருந்தான். “ஆழ்வாப்பிள்ளை, வினாசித்தம்பி, அம்பலவி” என்றான். தர்ப்பை என் கையில் இருந்து அவன் கைக்குப் போனது. முட்டியையும் கொடுத்தேன். வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

நடு ஆற்றில் குருக்கள் கரைக்கச் சொன்னார். கரைக்காமல் என்னைப் பார்த்தான்.

“மச்சாள், ஒண்டு கேக்கிறன். என்ரை கை படக்கூடாதெண்டு அண்ணை சொன்னவரே? சொன்னவர் எண்டால் நீங்களே கரையுங்கோ. நான் பேசாமல் இருக்கிறன்.”

ஓம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் போதும், எல்லாம் என் பக்கம்.

“இல்லை” என்றேன்.

இவர் அப்படிச் சொல்லவே இல்லை. நான் சொன்னது. கடைசி மூன்று நாளும் இவர் கேட்டது அவனைத்தான். “இஞ்சாரும், தம்பி வந்தவனே? தம்பியைக் கூப்பிடும்.” ஆள் அனுப்பியிருக்கிறேன், வருகிறான் என்றேன். மூன்று நாளும் அதையே சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பொட்டில் நின்று ஒரு சத்தம் வைத்திருந்தால் வந்திருப்பான். வைக்கேல்லை. ஏன் வைக்கேல்லை? அந்த இரண்டரை அடிக்கு இதுதான் தண்டனை எண்டு நினைச்சனான். தண்டனை ஆருக்கு விழுந்தது? அவர் வாசலையே பாத்துக்கொண்டு செத்தவர். கடவுளே, வாசலையே பாத்துக்கொண்டு.

எல்லாவற்றையும் வள்ளத்தில் வைத்துச் சொன்னேன். குருக்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபாஸ்கரன் அழவில்லை, ஏசவில்லை. முட்டியைச் சரித்து, கடைசிப் பொடி போகும்வரை கையால் கழுவிக் கழுவி விட்டான்.

திரும்பும்போது நான் மெல்ல நடந்தேன். அவன் எனக்கு முன்னால் போனான், வழி தெரியாமலே.

2 பெப்ரவரி

வீடு. பஸ்ஸில் அவன் முன் இருக்கை, நான் பின் இருக்கை. நிரோஜனிடம் கேட்டேன். “சித்தப்பா ஒண்டும் சொல்லேல்லை அம்மா. என்னோடையும் கதைக்கிறாரில்லை. என்ன நடந்தது?”

20 பெப்ரவரி

கிணற்றடியில் அவனுடைய வாளிச் சத்தம் கேட்டது. பொட்டில் போய் நின்று “தம்பி” என்றேன். சத்தம் நின்றது. பிறகு வாளி திரும்பவும் இறங்கியது.

14 மார்ச், சனி

காலையிலேயே இரண்டு கூலிக்காரரோடு வேலியைப் பிடுங்குகிறான்! இன்னும் எத்தனை அடி வேண்டுமாம்? அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். சண்டைக்குச் சொல் எல்லாம் வாய்க்குள் வந்துவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. நூல் பிடித்து, வேலிக் கதியால் கம்புகளை ஒவ்வொன்றாகத் தேசி மரத்துக்கு அந்தப் பக்கம் நட்டான். பழைய எல்லையில்.

உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை நின்றேன்.

15 மார்ச்

ஓலை வைத்துக் கட்டி முடிந்தது. அவன் உள்ளே போன பிறகு அளந்து பார்த்தேன். இரண்டரை அடி. ஒரு விரல்கூடக் குறையவில்லை.

வேலியின் ஒரு தொங்கலில் இருந்து மறு தொங்கல்வரை இரண்டு தரம் நடந்தேன். பொட்டு விடவில்லை. அது இருந்த இடத்தில் மட்டும் ஓலையை இரட்டையாக வைத்துக் கட்டியிருக்கிறான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் நிரோஜன் அழைத்தான். ஆரோ சொல்லியிருக்கிறார்கள். “சித்தப்பா காணியை விட்டுட்டாராமே அம்மா! இப்ப உங்களுக்குச் சந்தோசம்தானே?”

ஓம் என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் இருமினான்.