நீ வேண்டாம் என்ற விமானம்

இன்று காலை ஆண்டர்சன்பேட்டையில் உன் அம்மா அலமாரியைத் திறந்து, நீ வேலைக்குப் போட்டுப்போகும் நீல உடுப்பை என் கையில் கொடுத்தார். எத்தனை முறை துவைத்தும் இன்ஜின் ஆயில் வாசனை போகவில்லை. நின்றபடியே அதில் முகம் புதைத்து அழுதேன்.

வாடகை விமானத் தொழில் தொடங்க நான் பழைய விமானம் தேடிக்கொண்டிருந்த வருடம் நினைவுக்கு வந்தது. புதுப் பெயிண்ட்டும் தோல் இருக்கைகளுமாக மின்னிய ஒன்றைப் பார்த்ததுமே மயங்கிவிட்டேன். விமானப் பராமரிப்பு இன்ஜினியரான உன்னை லீவு போடச் சொல்லி அழைத்துப்போனேன். நீ இருக்கைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பராமரிப்புப் பதிவேடுகளை ஒரு மணி நேரம் புரட்டினாய். பிறகு இறக்கையின் அடியில் மல்லாந்து படுத்து, ஒரு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாய்.

"வேணாம்டி. றெக்கைய தாங்குற எடமே உள்ள அரிச்சிருக்கு."

"சரி பண்ணிக்கலாம்ல? இன்னொருத்தர் வாங்கறதுக்குக் காத்துனு இருக்காரு."

"அவரே வாங்கினு போகட்டும். இதுல ஜனங்கள ஏத்தறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கூட வந்திருந்த என் தொழில் கூட்டாளிகள் முன்னால் என் முகம் சுண்டிப்போனது. "நான் முன்னுக்கு வர்றது உனக்குப் புடிக்கல, இல்ல?" என்றேன். நீ கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாய். அன்று மாலை ரயிலில், ஒரே பெட்டியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஊர் வந்தோம்.

உன் கையெழுத்து இல்லாததால் கூட்டாளிகள் பின்வாங்கினார்கள். எட்டு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. அந்த விமானத்தை வாங்கியவர், அடுத்த சோதனையிலேயே அதைப் பறக்கவிடாமல் நிறுத்த வேண்டியதாயிற்று என்று கேள்விப்பட்ட அன்றே உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். கதவைத் திறந்த உன் அம்மா, "உனக்கு யாரும் சொல்லலியாம்மா?" என்றார். கட்டிலில், முடி முழுக்கக் கொட்டிப்போய் நீ படுத்திருந்தாய்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீதான் பேசலியே." சிரித்தாய். "அத்த வுடு. வேற இன்னா பாத்து வெச்சிருக்க? ரெகார்டெல்லாம் எடுத்துனு வா."

மூன்று விமானங்களின் காகிதங்களைக் கொண்டுவந்தேன். வலி குறைந்த நாட்களில் தலையணையில் சாய்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாய். இரண்டை ஒதுக்கினாய். பெயிண்ட் வெளிறிய மூன்றாவதை நேரில் பார்க்கச் சொல்லி, எங்கெல்லாம் திறக்க வேண்டும் என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தாய். வேறொரு இன்ஜினியரோடு போய் அத்தனையும் திறந்து பார்த்தேன். குறை எதுவும் இல்லை; அதையே வாங்கினேன். அது வந்துசேர ஒன்பது நாள் இருக்கும்போது நீ போய்விட்டாய்.

அந்த எட்டு மாதத்தை எதைக் கொண்டும் என்னால் ஈடுகட்ட முடியவில்லை. இப்போது அந்த விமானத்தில் ஏறும்போது சில பயணிகள் தயங்குவார்கள். "பழைய விமானமா, மேடம்?"

"ஆமாங்க. என் ஃபிரண்டு பாத்து எடுத்தது. தைரியமா ஏறுங்க" என்பேன். நீ இப்போது இல்லை என்பதை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை.