அக்கினி மூலைக் கிணறு

கீழ்வேளூர்
18-8-1999

அன்புள்ள மகன் ஆல்பினுக்கு,

இயேசுவுக்கே புகழ். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் மருமகள் லின்சியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய சாமான்கள்தான் ஒன்றும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் முழுதும் படி.

போன மாதம் நீ போனில் பேசியதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மாவுக்கு எத வாங்கிக் குடுத்தாலும் ஒழுங்கா வெச்சுப் பொழங்கத் தெரியலப்பா என்றாய். உன் அப்பாவும் வழக்கம்போல சரிப்பா சரிப்பா என்று தலையாட்டினார். எனக்குப் புழங்கத் தெரியாதா? உன் கீஸரைக் கழற்றிய மெக்கானிக் பக்கிரி உள்ளே இருந்த கம்பியை என் கையில் கொடுத்தான், சுற்றிலும் சுண்ணாம்புக் கட்டியாக உப்பு ஏறி வெடித்திருந்தது. இது தண்ணி செஞ்ச வேலைம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க என்றான். வாஷிங் மெஷினில் தண்ணீர் நுழைகிற சல்லடை அடைத்துக்கொண்டு அது பாட்டுக்கு உறுமுகிறது, தண்ணீர் ஏறுவதில்லை. ஏறினாலும் சோப்பு நுரைப்பதில்லை, துணி அப்பளம் மாதிரி விறைத்து வெளியே வருகிறது. ஆவி வரும் இஸ்திரிப் பெட்டி அப்பாவின் புதுச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகத் துப்பியது. குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கிறது. இதையெல்லாம் நான் செய்தேனா நீ செய்தாயா?

வீட்டை இடித்துக் கட்டியபோது உன் இன்ஜினியர் ஒரு வாஸ்துக்காரனைக் கூட்டிவந்தான். அக்கினி மூலையில கெணறு இருந்தா தலைமகனுக்கு ஆகாது என்று அவன் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக நேரமில்லாத நீ அவன் பேச்சைக் கேட்டு, இடித்த செங்கல்லையும் காரையையும் போட்டுக் கிணற்றைத் தூர்க்கச் சொன்னாய். மேலே சிமெண்ட் தளம், அதற்கு மேலே இன்னும் வாங்காத காருக்குப் போர்டிகோ. தண்ணீருக்கு ஆழத்தில் போர் போட்டாய். இந்தக் கடலோரத்தில் மேலாக ஊறுவது ஆற்றுத் தண்ணீர், ஆழத்தில் கிடப்பது உப்பு என்று மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். நான் சொன்னேன். நீ பழைய காலத்து ஆளும்மா, பேசாம இரு என்றாய். பேசாமல் இருந்தேன்.

கீஸர் போனால் போகட்டும், உன் காசு. எனக்குப் போனது வேறு. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நம் கோயிலின் பீடத் துணியைத் துவைப்பது நான். நற்கருணை அப்பத்தின் துகள் ஒட்டியிருக்கும் என்று முதல் அலசு தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் கிணற்றடி நந்தியாவட்டையின் வேரில்தான் ஊற்றுவேன், நீ சின்ன வயதில் அந்தப் பூவைப் பறிக்கக்கூட பயப்படுவாய். செடியும் தளத்துக்கடியில் போயிற்று. இந்த வருடம் ஈஸ்டர் பாஸ்கா பூசைக்கு உன் போர் தண்ணீரில் துவைத்த துணி பழுப்பேறி, கஞ்சி திட்டுத் திட்டாகப் பிடித்து, பீடத்தில் அழுக்குத் துணி போலக் கிடந்தது. சபையே பார்த்தது. மடத்து சிஸ்டர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால்கூடத் தேவலை. புஷ்பம் அக்கா, வயசாயிருச்சு, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க என்று சொல்லிவிட்டு, ஹெட்மாஸ்டர் வீட்டு சந்தனமேரியிடம் துணியைக் கொடுத்தார். கோயிலில் முன்வரிசையில் உட்காரும் நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இதை உன்னிடம் போனில் சொன்னபோது, துணி தொவைக்கிறதுக்கா இவ்வளவு ஃபீலிங் என்று சிரித்தாய். அப்புறம் தண்ணீரை மென்மையாக்கும் மிஷின் அனுப்புகிறேன் என்றாய். அந்த மிஷினுக்கு மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டுமாமே, பக்கிரி சொன்னான். தண்ணீரின் உப்பை எடுக்க உப்பு. உன் படிப்பை நினைத்தேன், வேறென்ன சொல்ல.

சிரித்தாய் பார், அதைப் பக்கத்தில் இருந்த உன் அப்பாவும் கேட்டார். மறுநாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் உன் போர்டிகோ தளத்தை முதல் குத்து குத்தியது அவர்தான், நான் இல்லை. அப்புறம் ஆள் விட்டுத் தூணைச் சாய்த்து, காரையை வாரி வெளியே கொட்டினோம். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு கிணறும் ஊறிவிட்டது. முதல் வாளியில் அப்பாவின் வேட்டியைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடத்துக்கு எடுத்துப் போய் சிஸ்டர் முன்னால் விரித்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பீடத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினைந்தாம் தேதி மோட்ச ராக்கினி மாதா திருநாள் பூசைக்குப் பீடத்தில் விரித்தது நான் துவைத்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

லின்சிக்கு ரத்தம் குறைவு என்று எழுதியிருந்தாள், முருங்கைக்கீரைப் பொடி அனுப்புகிறேன், சாப்பிடச் சொல். நீ ஏசி காற்றில் தலை ஈரத்தோடு படுக்காதே. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வரும்போது பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வீட்டுக்குள் வராதே, வாஸ்து பார்த்ததையும் சேர்த்துச் சொல். கார் வாங்கினால் வாங்கு, ரோட்டில் நிறுத்து. போர்டிகோ இருந்த இடத்தில் கொடி கட்டியிருக்கிறேன், சனிக்கிழமைதோறும் அங்கே பீடத் துணி காயும்.

உங்கள் இருவரையும் ஆண்டவர் ஆசீர்வதித்துக் காப்பாராக. தலைமகனுக்கு ஆகாது என்ற கிணற்றுத் தண்ணீரில்தான் உனக்கு ஞானஸ்நானம் முடிந்து வந்த அன்று தலைக்கு ஊற்றினேன், இன்னும் உயிரோடுதானே இருக்கிறாய்.

உன்னைப் பெற்ற தாய்,
மரியபுஷ்பம்

அப்பாவும் கீழே கையெழுத்துப் போடுகிறார். சரிப்பா என்று எழுதட்டுமா என்று நானே கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்.

மிக்கேல்ராஜ்