எடிப்சோஸில் அறை இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம், எரிச்சலைத் தவிர.

நான் வேலை செய்யும் விடுதியில் உனக்கென்று சொல்லிவைத்த அறை போய்விட்டது. அதில் தங்கியிருக்கும் எவாந்தியா அம்மாளுக்குக் காய்ச்சல் வந்து, வலிக்காக நாள் தவறாமல் எடுக்கவேண்டிய வெந்நீர் ஊற்றுக் குளியல் ஒரு நாள் தடைப்பட்டதாம். அதனால் அறையைக் காலி செய்ய மாட்டேன் என்கிறாள்.

"நடுவுல விட்டா பலிக்காதுடி பொண்ணே. மறுபடி முதல்லேருந்துதான்."

"எங்கம்மா வராங்களே!"

"வரட்டுமே. அவ முட்டி எங்க ஓடிடப் போகுது?"

முதலாளியும் சேர்ந்து சிரித்தார்.

இங்கே பொழுதுபோக என்ன இருக்கிறது என்று விருந்தினர்கள் கேட்கிறார்கள். கடலோரம் நடக்கலாம், காபி குடித்தபடி படகு வருவதைப் பார்க்கலாம் என்கிறேன். கோடை முழுக்க அதையெல்லாம் தனியாகச் செய்து அலுத்துவிட்டது.

படகுச் சீட்டை ரத்து செய்யாதே. என் கட்டிலில் நீ படுத்துக்கொள், எனக்குத் தரை போதும். ஒரு போர்வை கொண்டு வா.

மணி அடிக்கிறது. எவாந்தியா அம்மாளுக்குத் துண்டு வேண்டுமாம்.

உன் ஸ்தமாத்தியா