எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ்

அன்புள்ள உனக்கு,

குண்டு துளைக்காத புதுச் சட்டை வந்துவிட்டது. இனி நீ என்னை நினைத்துப் பயப்பட வேண்டாம். வாஷிங்டன் அதைச் சும்மா கொடுக்கவில்லை. விசா, பேப்பர் இல்லாதவர்களைப் பிடித்துக் குடியேற்றத் துறையிடம் ஒப்படைத்தால்தான் எங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நிதி.

செவ்வாய்க்கிழமை எலிசேயோ புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தான். நம் வீட்டுக்குக் கூரை போட்டவன். வண்டி திருடுபோய்விட்டதாம். பேப்பரைக் கேட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

“சார், நீங்கதானே சர்ச்சுல சொன்னீங்க? ‘பயப்படாம வாங்க, பேப்பர் கேக்க மாட்டோம்’னு?”

நீ ஸ்பானிஷில் சொல்லிக்கொடுத்து, கண்ணாடி முன் நின்று நான் மனப்பாடம் செய்த அதே வாக்கியம்.

மறுநாள் குடியேற்றத் துறையினர் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

வண்டி கிடைத்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. எடுத்துப்போகச் சொல்ல அவன் மனைவிக்குப் போன் செய்தேன். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் அந்த ஒரு வாக்கியம்தான், அதையே சொன்னேன்.

உன் கணவன்