ராஜமாதாவின் முகம்

ரூப்சந்தின் தாத்தாவுக்கு,

"ராக்கி அனுப்பி அண்ணனாக்கிக்கொண்ட ராஜமாதா போகவிடவில்லை, திவான் வேலையில் இன்னும் இரண்டு வருடம் இருப்பேன்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் வயிறு எரிந்தது. பேரன் கல்யாணத்துக்குக்கூட உங்களை அனுப்பாதவளைப் பார்த்துவிடுவதென்று, நேற்று வண்டி கட்டிக்கொண்டு அந்தப்புரத்துக்கே போனேன்.

"என் வீட்டுக்காரரை எப்போ விடுவீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

அந்த அம்மாள் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டுச் சிரித்தார். "நானா பிடிச்சு வச்சிருக்கேன், அண்ணி? வீட்டுக்குப் போங்கன்னு மூணு தடவை சொல்லிட்டேன். இன்னும் ஒரு ஏரி வெட்டணும், ஒரு பள்ளிக்கூடம் கட்டணும்னு அவர்தான் நகரமாட்டேங்கிறார்."

உங்களைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டேன்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ராஜ்ய விவகாரம் புரியாது. நீங்கள் எழுதியது பொய் என்பது புரிகிறது.

ஆண்கள் பார்க்கக்கூடாதென்று கட்டிய திரைக்கு வெளியே உட்கார்ந்து, இருபது வருடமாக ராஜமாதாவின் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துவிட்டேன். எப்படி இருக்கிறார் என்று கடிதத்தில் சொல்லமாட்டேன். தெரிய வேண்டுமானால், வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி