அரையும் காலும்

மேசை இழுப்பறைக்குள் மார்க்கர் பேனா தேடிய கையில் உன் மஞ்சள் இஞ்சு டேப் தட்டுப்பட்டது. லோபாக்கில் உன் அக்காவின் தையல் கடையிலிருந்து நீ கிளப்பிக்கொண்டு வந்தது. நீ கண்ணை மூடியபின் உன் நாற்காலியும் உன் வகுப்புகளும் எனக்குத்தான் வந்தன. இந்த டேப்பை மட்டும் நான் தொடவே இல்லை.

சற்று முன்புதான், பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்து மீனாவிடம், "காரணமெல்லாம் கேக்காதம்மா, ஸ்டெப்ப மனப்பாடம் பண்ணிருலா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வேனில் வரும் பெண். ஆஸ்பத்திரியில் தாதியாக வேண்டும் என்கிறாள்; பரீட்சையில் கணிதம் தேறாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. அரை x-ஐயும் கால் x-ஐயும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டி, ஆறில் இரண்டு x என்று எழுதுகிறாள். விடையைத் திருத்திக் கொடுத்து, புரிந்ததா என்று கேட்டேன். "புரிஞ்சிருச்சி டீச்சர்" என்று வகுப்பே தலையாட்டியது. நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். சிலபஸ் துரத்துகிறதே!

நீ இருந்திருந்தால் என்னை ஒரு வழி பண்ணியிருப்பாய். "டீச்சர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னே நம்ம புள்ளைங்க தலையாட்டும்டி. புரிஞ்சுதான்னு கேக்காத, போட்டுக் காட்டச் சொல்லு" என்பாய். புது வகுப்பு வந்தால் நீ புத்தகத்தையே திறக்கமாட்டாய். டேப்பைக் கொடுத்து ஒருவரையொருவர் அளக்கவிட்டு, யாருக்கு எது தெரியவில்லை என்று மோப்பம் பிடித்துக்கொண்டு திரிவாய். பெரிய பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டுக் கணக்கா என்று கேன்டீனில் எல்லோரும் சிரித்தோம். நீ ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே, "எங்க விட்டுச்சோ அங்கேருந்துதானே தூக்கணும்?" என்றாய்.

மறுநாள் பள்ளி விட்டதும் மீனாவை நிறுத்திக்கொண்டேன். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தபடி இருந்தார். உன் டேப்பை அவள் முன்னால் விரித்தேன்.

"அரை இஞ்சுல வெரல வை. அங்கேருந்து கால் இஞ்சு தள்ளு." விரல் முக்காலில் போய் நின்றது. "நீ எழுதின ஆறுல ரெண்டு, அரைய விடப் பெருசா, சின்னதா?"

டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னது... ஐயோ, கூட்டினா எப்படி டீச்சர் கொறையும்?"

பிறகு அவளே முக்கால் x என்று எழுதினாள். அடுத்த கணக்கையும் கேட்காமலே போட்டாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "இவ்ளோதானா டீச்சர்? நான் மக்குன்னு இல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்!" பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.

டேப்பைச் சுருட்டினேன். நான்காம் படிவத்திலேயே உன்னிடம் வந்து சேர வேண்டியவள், என்னிடம் வந்தாள். அவள் தன்னை மக்கு என்று நினைத்த ஒவ்வொரு நாளும் இந்த டேப் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. உன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்காது என்பதில்கூட ஒரு நிம்மதி வந்து தொலைத்தது, பார். அதுதான் இன்னும் குத்துகிறது.

டேப் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. நாளை முதல் பாடவேளை ஐந்தாம் படிவம். மீனாவோடு சேர்ந்து தலையாட்டிய மற்றவர்கள் எல்லாம் அங்கேதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.