ஆஞ்சலாவுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது?

அன்புள்ள மகன் கிளெமென்டுக்கு அம்மா எழுதுவது. குழந்தை இயேசுவின் தயவால் நானும் அப்பாவும் ஆஞ்சலாவும் சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் உட்கார்ந்து எழுதி, அடுத்த வாரம் அங்கே வரும் ஓஸ்வால்ட் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பருப்புப்பொடியும் முறுக்கும் இருக்கிறது, ரூமில் இருப்பவர்களுக்கும் கொடு. லிங்கராஜபுரத்தில் நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், என் பியூட்டி பார்லருக்கு வருகிறவர்கள் சேற்றை மிதித்துக்கொண்டு வருகிறார்கள், அப்பாவுக்கு பீன்யா ஃபாக்டரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடுகிறது. அதெல்லாம் எப்போதும் உள்ளதுதான், நான் சொல்ல வந்தது வேறு.

சனிக்கிழமை ஆஞ்சலாவின் பள்ளியில் பேரண்ட்ஸ் மீட்டிங். பத்தாம் வகுப்புக்குக் கணக்கில் சுலபமானது ஒன்று, கடினமானது ஒன்று, எது வேண்டும் என்று இப்போதே சொல்ல வேண்டுமாம். சுலபமானதை எடுத்தால் அப்புறம் பதினொன்று பன்னிரண்டில், அந்த பி.யூ.சி.யில், கணக்கு கிடையாது, அந்தப் பள்ளியின் சட்டம். எனக்கு முன்னால் எதிர் அபார்ட்மென்ட் எஞ்சினியர் ரகு உட்கார்ந்திருந்தார். அவர் பையன் வாங்கியதும் நம் பெண் வாங்கியதும் ஒரே மார்க். அவரிடம் டீச்சர் சிரித்துக்கொண்டே, "மூளை இருக்கு சார், கேர்லெஸ் மிஸ்டேக்தான், கஷ்டமானதையே எடுக்கட்டும்" என்றார். என் முறை வந்ததும் மார்க்கைப் பார்ப்பதற்கு முன்பே, அப்பா என்ன வேலை, நீங்க என்ன பண்றீங்க, எதுவரைக்கும் படிச்சீங்க என்று கேட்டார். அவருக்கு ஃபாக்டரி, எனக்கு பார்லர், படிப்பு பத்தாவதோடு சரி என்று சொன்னேன். "அப்போ வீட்ல சொல்லிக்கொடுக்க யாருமில்ல, பாவம், அவளுக்கு ஈஸியானதே போதும் மேடம்" என்றார். பாவமாம்! யார் கேட்டது அந்தப் பாவத்தை? அதே மார்க் எதிர்வீட்டில் அஜாக்கிரதை, நம் வீட்டில் மட்டும் மந்தமா? கேட்டே விட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். கடைசியில், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க என்று முனகினார் டீச்சர்.

ஜெயித்த நினைப்பில் வீட்டுக்கு வந்தால், ஆஞ்சலாவே ஈஸியானது போதும் என்கிறாள். ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்று சுவரெல்லாம் கட்டடப் படமாக ஒட்டி வைத்திருக்கிற பெண்! ஏன்டி என்றால், "நம்ம ஃபேமிலிக்கே கணக்கு ஏறாதும்மா, அண்ணனே சொன்னான்" என்கிறாள். போன வீடியோ காலில் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயாமே. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வெளியே ஒருத்தி சொன்னதற்கு வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன், அதையே என் பிள்ளை வீட்டுக்குள் எப்போதோ சொல்லி முடித்துவிட்டான். டேய், பி.யூ.சி.யில் கணக்கைக் கண்டு ஓடியவன் நீ. நர்சிங் படித்தாய், நன்றாக இருக்கிறாய், எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பயம் உன்னுடையது. அதைக் குடும்பச் சொத்து மாதிரி தங்கைக்கு எழுதி வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலில் உங்கள் இருவருக்காகவும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன், ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பாராக. மாதக் கடைசிக்குள் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும், மறந்துவிடாதே. நான் எடுத்துச் சொன்னால் உனக்கென்னம்மா தெரியும் என்கிறாள், அண்ணன் சொன்னால்தான் அவளுக்கு வேதம். சொன்ன வாயாலேயே அப்படி இல்லை என்று அவளிடம் சொல்.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
உன் அம்மா ஷோபா